நாற்பது சத்தியங்கள்

“காட் பிராமிஸ், நான் எடுக்கவே இல்லடி!”

காலையில் முதல் மணி அடிப்பதற்கும் இறைவணக்கக் கூட்டத்திற்கு வரிசையில் நிற்பதற்கும் இடையே உள்ள பதினைந்து நிமிடங்களில், எங்கள் வகுப்பறையில் இச்சொற்கள் எத்தனை முறை ஒலிக்கின்றன என்று சென்ற ஜூலை மாதத்தில் ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். பதினேழு முறை. அன்று தேர்வு ஏதும் இல்லை. யாரும் யாருடனும் சண்டையிடவும் இல்லை. சாதாரணமான ஒரு திங்கட்கிழமைதான். ஸ்கேலை எடுத்தது யார் என்பதற்கு ஒரு முறை, வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதவில்லை என்பதற்கு நான்கு முறை, “உன்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை” என்பதற்கு ஐந்து முறை. ஒருத்தியின் சாப்பாட்டுப் பாத்திரத்தில் முட்டை இல்லை என்பதற்குக்கூட, விண்ணையும் மண்ணையும் படைத்தவர் சாட்சிக்கு வர வேண்டியிருந்தது.

கீழ் வகுப்புகளில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ‘காட் பிராமிஸ்’ சொல்லும்போது தொண்டைத் தோலை இரண்டு விரல்களால் கிள்ளிக்கொள்ள வேண்டும். கிள்ளாமல் சொன்னால் செல்லாது. பத்தாம் வகுப்புக்கு வந்ததும் பெரியவர்களாகிவிட்டோம் என்று கிள்ளுவதை விட்டுவிட்டோம். சொல்வதை மட்டும் விடவில்லை. அதை ஆங்கிலத்தில் சொல்வதால் பாவம் குறைவு என்றும் எங்களுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. ‘கடவுள் சத்தியமாக’ என்று சொல்ல வந்தால் நாக்கு சற்றுத் தயங்கும். ‘காட் பிராமிஸ்’ என்றால் தயங்காது. ‘ஓ மை காட்’ அதைவிடச் சுலபம். கைப்பேசியில் அனுப்பும் செய்திகளில் அது ‘ஓ எம் ஜி’ என்று ஆகி, கடவுள் ஒரே ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டார்.

இக்கட்டுரையை எழுதும்படி பணிக்கப்பட்டவள் ஒருத்தியே. ஆயினும் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. பின்னால் சொல்கிறோம்.

சனிக்கிழமைகளில் நாங்கள் ஐந்து பேர் எங்களுள் ஒருத்தியின் வீட்டில் கூடிக் கணக்குப் போடுவது வழக்கம். அவ்வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. பள்ளியில் எண்ணியது போலவே அங்கும் எண்ணுவோம் என்று ஒருநாள் தொடங்கினோம். பாட்டி திண்ணையிலிருந்து எழும்போது “சேசுவே!” என்றார். உட்காரும்போது “மாதாவே!” என்றார். அடுப்பில் பால் பொங்கியபோது “சேசுவே!” தூரத்தில் இடி இடித்ததும் “சேசு மரி சூசை!” தெருவில் வந்த மீன்காரம்மா சாளையின் விலையைச் சொன்னபோது அதற்கும் ஒரு நீண்ட “சேசுவே!” முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

கடவுளின் பெயரை வீணாகச் சொல்லலாகாது என்பது இரண்டாம் கட்டளை. அப்படியானால் பாட்டியின் கணக்கு எங்கள் கணக்கைவிட அல்லவா மோசம்? எங்களுள் துணிச்சல்காரி ஒருத்தி பாட்டியிடமே கேட்டுவிட்டாள்.

“வீணாவா சொல்லுதேன்? முட்டி வலிக்கி, எந்திரிக்க முடியல. ‘சேசுவே, கையப் புடிச்சித் தூக்கிவிடும்’னு கூப்பிடுதேன். மொத வார்த்தைதான் வெளிய வருது. மிச்சத்த மனசுக்குள்ள சொல்லிக்கிடுதேன். அவருக்குக் கேக்கும்” என்றார் பாட்டி.

“மீன் விலைக்கும் அப்படித்தானா பாட்டி?”

“அதுக்குத்தான்ளா ரொம்ப வேணும்!”

பாட்டியிடம் இன்னொன்றையும் கண்டோம். செபமாலை முடிந்து புனிதர்களை நோக்கி மன்றாடும்போது, வீட்டார் எல்லோரும் “புனித அந்தோனியாரே” என்பார்கள். பாட்டி மட்டும் “கோடி அற்புதரே” என்பார். காலஞ்சென்ற தாத்தாவின் பெயர் அந்தோனி. கணவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். தாத்தா இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும் பாட்டி அதை விடவில்லை. வீட்டுக்கு வந்த அலுவலர் ஒருவர் கணவர் பெயரைக் கேட்டபோதும், “இந்தா, இவ சொல்லுவா” என்று பேத்தியைக் காட்டிவிட்டாராம். விழுந்து விழுந்து சிரித்தோம்.

மறைக்கல்வி வகுப்பில் இந்த வேடிக்கையைச் சொன்னபோது எங்கள் சிஸ்டர் சிரிக்கவில்லை. “பாட்டி செய்வதைத்தான் ஓர் இனமே செய்கிறது” என்றார்கள். எரியும் முட்புதரில் மோசேக்கு வெளிப்படுத்தப்பட்ட கடவுளின் பெயர், எபிரேய மொழியில் நான்கு எழுத்துகள் கொண்டது. யூதர்கள் அதை உச்சரிப்பதில்லை. திருநூலை வாசிக்கும்போது அந்த நான்கு எழுத்துகள் வரும் இடத்தில் ‘என் ஆண்டவர்’ என்று பொருள்படும் ‘அதோனாய்’ என்ற சொல்லைச் சொல்லிக் கடந்து செல்கிறார்கள். சாதாரணப் பேச்சில் ‘ஹஷேம்’ என்கிறார்கள். ‘அந்தப் பெயர்’ என்பது அதன் பொருள். கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிக்கப்படும் முன்பு, ஆண்டுக்கு ஒருமுறை பாவப் பரிகார நாளில் தலைமைக் குரு மட்டும் அப்பெயரை ஆலயத்தில் வாய்திறந்து சொன்னார் என்பது அவர்களது மரபு. நம் திருச்சபையும் 29.6.2008 அன்று உரோமையிலிருந்து ஆயர்களுக்கு அனுப்பிய மடலில், திருவழிபாட்டுப் பாடல்களிலும் செபங்களிலும் ‘யாவே’ என்ற பெயரை ஒலிக்க வேண்டாம், ‘ஆண்டவர்’ என்பது போன்ற சொல்லையே ஆள வேண்டும் என்று அறிவுறுத்தியது. நாங்கள் அந்தப் பெயர் வரும் பாட்டொன்றை ஆண்டுவிழாவுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த நேரம் அது. ஆண்டுவிழா திருவழிபாடு அல்லவே என்று ஒருத்தி வாதிட்டாள். ஆயினும் பாட்டை மாற்றிக்கொண்டோம்.

கடவுளைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதற்காக நம் முன்னோர் பட்ட பாட்டையும் அன்றுதான் அறிந்தோம். 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் கடவுளைத் ‘தம்பிரான்’ என்று அழைத்தார். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி அடிகளார் ‘சர்வேசுரன்’ என்ற சொல்லைத் தேர்ந்துகொண்டார். எங்கள் பாட்டிமாரின் செபப் புத்தகங்களில் இன்றும் அதுவே இருக்கிறது. வேறு சிலர் ‘பராபரன்’ என்று எழுதினார்கள். இப்போது நாங்கள் கடவுள், இறைவன், ஆண்டவர் என்கிறோம். எங்கள் வகுப்பில் உள்ள சி.எஸ்.ஐ. தோழியர் கர்த்தர், தேவன் என்கிறார்கள். பாட்டிக்குச் சேசு, எங்களுக்கு இயேசு. எந்தச் சொல் தகும், எது தகாது என்று கற்றறிந்த மனிதர்கள் காலமெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்கள். அதை நாங்கள் காணாமற்போன ஸ்கேலுக்காகச் செலவழிக்கிறோம்.

மடத்தில் வயது முதிர்ந்த சிஸ்டர் ஒருவர் இருக்கிறார்கள். இயேசுவின் பெயர் வரும் ஒவ்வொரு முறையும் தலையைச் சற்றே தாழ்த்துவார்கள். 1274-இல் லியோன் நகரில் கூடிய பொதுச்சங்கம், அத்திருப்பெயரைக் கேட்கும்போது தலை வணங்கும்படி எல்லோருக்கும் பணித்தது. இப்போதும் திருப்பலியின் ஒழுங்குகளில் அது இருக்கிறது. நாங்களோ மறந்துவிட்டோம். சென்ற அக்டோபரில் சிற்றாலயத்தில் செபமாலை சொல்லும்போது, அவர்கள் எங்காவது தவறுகிறார்களா என்று பின்வரிசையிலிருந்து உளவு பார்த்தோம். செபமாலையில் 53 மங்கள வார்த்தை செபங்கள். சிஸ்டரின் தலை 53 முறையும் தாழ்ந்தது. நாங்கள்தான் அன்று ஒரு செபத்தையும் ஒழுங்காகச் சொல்லவில்லை.

இனி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது இது. அக்டோபர் மாதம். மறைபரப்பு ஞாயிறுக்காக ஒவ்வொரு வகுப்பிலும் காணிக்கை சேர்ப்பது வழக்கம். எங்கள் வகுப்புப் பணம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. டப்பா அலமாரியில் இருந்தது. அலமாரிப் பூட்டு, பலமாக இழுத்தால் திறந்துகொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வகுப்புத் தலைவி எண்ணிப் பார்த்தபோது, 640 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 440 ரூபாய்தான் இருந்தது. இரண்டு நூறு ரூபாய்த் தாள்களைக் காணோம்.

சிஸ்டரிடம் சொல்ல அவளுக்குப் பயம். எங்களுக்கும் பயம். நாமே கண்டுபிடித்துவிடலாம் என்று கதவைச் சாத்தினோம். கரும்பலகைக்கு மேலே இயேசுவின் திரு இருதயப் படம் இருக்கிறது. அதன் கீழே ஒவ்வொருத்தியாக வந்து நின்று, கையை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாதவள்தான் திருடி. இது யாருடைய யோசனை என்று இப்போது கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை என்கிறோம். அன்று எல்லோருக்கும் அது பிடித்திருந்தது என்பதே உண்மை.

அன்று வகுப்பில் இருந்தவர்கள் நாற்பத்தொரு பேர். பெயர்ப்பட்டியல் வரிசையில் ஒவ்வொருத்தியாக வந்தோம். முதலில் வந்தவர்கள் மெல்லிய குரலில் “ஆண்டவர் சத்தியமா நான் எடுக்கல” என்று மட்டும் சொன்னார்கள். போகப் போகச் சத்தியம் வளர்ந்தது. ஒருத்தி “எடுத்திருந்தா என் கண்ணு போகட்டும்” என்றாள். அடுத்தவள் தன் தாயின் உயிரை இழுத்தாள். மாதா, அந்தோனியார், வேளாங்கண்ணி, பைபிள் எல்லாம் வந்தன. இந்துத் தோழியர் தத்தம் தெய்வங்களின் பெயரைச் சொன்னார்கள். இரண்டு இஸ்லாமியத் தோழியர் அல்லாஹ்வின் மீது ஆணையிட்டார்கள். நன்றாகச் செய்தவளுக்குக் கை தட்டாத குறைதான். உள்ளதைச் சொன்னால், பாதிக்கு மேல் எங்களுக்குப் பணம் மறந்துவிட்டது. யார் சத்தியம் பெரிது என்பதே நினைவாக இருந்தது.

அப்போது அவள் முறை வந்தது. கடற்கரை ஊரொன்றிலிருந்து பேருந்தில் வருபவள். அதிகம் பேச மாட்டாள். எழுந்து வந்தாள். கையை உயர்த்தவில்லை.

“நான் எடுக்கல” என்றாள்.

“சத்தியம் பண்ணு.”

“எடுக்கலன்னு சொல்லிட்டேன்ல.”

“எல்லாரும் பண்ணியாச்சு. நீ மட்டும் பண்ணுனா என்ன?”

“எங்க வீட்டுல பண்ண மாட்டோம். இதுக்கெல்லாம் சாமி பேர இழுக்கக் கூடாது.”

“அப்போ நீதான்.”

அவள் மறுமொழி சொல்லவில்லை. தன் இடத்துக்குத் திரும்பிச் சென்று உட்கார்ந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். பிறகு மூடி வைத்தாள். மீதமிருந்தவர்கள் வந்து சத்தியம் செய்தோம். விசாரணை முடிந்தது. நாற்பது சத்தியங்கள், ஒரு மறுப்பு. யாருக்கும் சந்தேகமே எழவில்லை.

அதன் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் அவளுடன் யாரும் பேசவில்லை. மதியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடவில்லை. விளையாட்டு வகுப்பில் இரண்டு இரண்டு பேராகப் பிரியச் சொன்னபோது அவள் தனியாக நின்றாள். ஒருநாள் காலையில் அவள் மேசைமேல் சாக்பீஸால் ‘200’ என்று எழுதியிருந்தது. அவள் உள்ளங்கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். மறுநாளும் எழுதியிருந்தது. மறுநாளும் துடைத்தாள். அந்தச் சாக்பீஸைப் பிடித்த கைகளுள் இக்கட்டுரையை எழுதும் கையும் ஒன்று.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை முதல் அவள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி வந்தது. பயந்துவிட்டாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை மாலை தலைவி மீண்டும் எண்ணினாள். புதிதாக வந்த காணிக்கையைச் சேர்த்தும் அந்த இருநூறு ரூபாய் குறைந்தேதான் இருந்தது. சனிக்கிழமை சிறப்பு வகுப்பு இருந்தது. அன்று பங்குத்தந்தை ஒப்புரவு அருட்சாதனத்திற்காக வந்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை டப்பாவைத் திறந்தபோது, கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றில் மடித்த இரண்டு நூறு ரூபாய்த் தாள்கள் மேலேயே இருந்தன. தாளில் ஒன்றும் எழுதப்படவில்லை. ஒப்புரவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று ஊகிக்க எங்களுக்கு உரிமையில்லை.

அவளோ அந்நேரம் ஊரில் பாயில் படுத்திருந்தாள்.

ஆகவே சத்தியம் செய்த நாற்பது பேருள் ஒருத்தி பொய்ச் சத்தியம் செய்திருக்கிறாள். அவள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. மெல்லிய குரலில் சொன்னவளா, கண்ணைப் பணயம் வைத்தவளா, தாயை இழுத்தவளா? எங்களுடன் சிரிக்கிறாள், எங்களுடன் சாப்பிடுகிறாள், இப்போது எங்களுடன் பொதுத்தேர்வுக்குப் படிக்கிறாள். ‘நாங்கள்’ என்று எழுதுகிறோமே, அதற்குள் அவளும் இருக்கிறாள். அவளைப் பிரித்து எழுத வழியில்லை. அவளைவிட நாங்கள் மேல் என்று சொல்லவும் வழியில்லை. அவள் செய்தது ஒரு பொய்ச் சத்தியம். மற்ற முப்பத்தொன்பது பேர் செய்தது மெய்ச் சத்தியம்தான். ஆனால் அதை வைத்து நிரபராதி ஒருத்தியை அடித்தோம்.

அன்றே போய் எல்லாவற்றையும் சிஸ்டரிடம் சொன்னோம். அடிப்பார்கள், பெற்றோரை அழைப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். பணத்தை எடுத்தது யார் என்று அவர்கள் கேட்கவேயில்லை. வேறொன்று கேட்டார்கள்.

“அன்றைக்கு ஒவ்வொருத்தியும் படத்தின் கீழே வந்து நின்றீர்களே, எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள்?”

யோசித்துப் பார்த்தோம். எல்லோரும் வகுப்பைப் பார்த்துத்தான் நின்றோம். படம் எங்களுக்குப் பின்னால் இருந்தது. நாற்பது பேரும் ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பெயரைச் சொல்லியிருக்கிறோம்.

பிறகு மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து, மலைப்பொழிவில் ஆணையிடுவது பற்றி ஆண்டவர் சொல்லும் பகுதியை எங்களையே வாசிக்கச் சொன்னார்கள். விண்ணுலகின் மேலும் வேண்டாம், மண்ணுலகின் மேலும் வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அவ்வளவே போதும் என்கிறார். அதைத்தானே அவள் செய்தாள்! எத்தனையோ முறை அப்பகுதியை வாசிக்கக் கேட்டிருக்கிறோம். அன்று வகுப்பறையில் அதை நேரில் கண்டபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

திருச்சபை எல்லா ஆணையையும் விலக்கவில்லை என்றும் சிஸ்டர் விளக்கினார்கள். பெரிய காரியங்களில், நீதிமன்றம் போன்ற இடங்களில், உண்மையும் நிதானமும் நீதியும் சேர்ந்திருந்தால் கடவுளைச் சாட்சியாக அழைக்கலாம். ஆனால் 1969-ஆம் ஆண்டின் ஆணைகள் சட்டப்படி, நம் நாட்டு நீதிமன்றங்களில்கூடக் கடவுள் பெயரால் ஆணையிட விரும்பாத சாட்சி வெறும் உறுதிமொழி கூறினால் போதுமாம். அதற்காக அவரை யாரும் குற்றவாளி என்று சொல்ல முடியாது. நம் அரசியலமைப்பிலும் குடியரசுத் தலைவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம் என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. குடியரசுத் தலைவருக்குக் கொடுத்த உரிமையை எங்கள் ஒன்பதாம் வகுப்பு நீதிமன்றம் அவளுக்குக் கொடுக்கவில்லை.

இஸ்லாமியத் தோழியருள் ஒருத்தி மறுநாள் எங்களிடம் வந்து, தங்கள் மார்க்கத்தில் செய்த சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும், இயலாவிட்டால் மூன்று நாள் நோன்பு இருக்க வேண்டும் என்று சொன்னாள். “நான் பொய் சொல்லல. ஆனா அல்லாஹ் பேர விளையாட்டாச் சொன்னேன். எங்க வாப்பா கேட்டா வருத்தப்படுவாங்க” என்றாள். எங்கள் நாற்பது சத்தியங்களுள் இரவில் தூங்கவிடாமல் செய்த சத்தியம் அவளுடையது ஒன்றுதான் போலும். எங்களுக்கு அதுவரை வந்திருந்தது வெட்கம் மட்டுமே.

நவம்பர் மாத முதல் வெள்ளியன்று நற்கருணை ஆசீர் முடிந்ததும் வழக்கமான இறைப்புகழ்ச்சிகளைச் சொன்னோம். கடவுளும், அவர் திருப்பெயரும், இயேசுவின் பெயரும், மாதாவின் பெயரும் வரிசையாகப் போற்றப்படும் செபம் அது. 1797 அளவில் உரோமையில் லூயிஜி ஃபெலிச்சி என்னும் குரு, மக்கள் வாயில் வரும் தெய்வ நிந்தனைகளுக்கும் தகாத சொற்களுக்கும் பரிகாரமாகவே அதை இயற்றினார் என்று சிஸ்டர் முன்னதாகச் சொல்லியிருந்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து மனப்பாடமாக ஒப்பித்து வந்த செபந்தான். அன்று எங்கள் வரிசையில் பலருக்கு நடுவிலேயே குரல் நின்றுவிட்டது.

மன்னிப்புக் கேட்டோமா என்று தோழியர் கேட்கலாம். கேட்டோம். ஆனால் அது நாங்கள் எண்ணியபடி நடக்கவில்லை. புதன்கிழமை அவள் வந்தபோது சற்று மெலிந்திருந்தாள். தலைவியும் இன்னும் சிலரும் அவள் மேசையைச் சூழ்ந்து நின்றோம். தலைவி அழுதுவிட்டாள். அவள் தலைவியை நிமிர்ந்து பார்த்து, “சரி, போங்க. நாலு நாள் பாடம் எழுதணும்” என்றாள். யாருடைய நோட்டை வேண்டும் என்றோம். ஆறு பேர் நீட்டினோம். கணக்கு நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள். அவள் எங்களுடன் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தது கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்குப் பிறகுதான். அதற்கிடையே அவளை அவசரப்படுத்த எங்களுக்கு வாய் வரவில்லை. மன்னித்துவிட்டாயா என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் அவள் உள்ளதைத்தான் சொல்வாள் என்று தெரியும்.

அவள் வீட்டு வழக்கத்தைப் பற்றி ஒருமுறை மட்டும் சொன்னாள். அவள் தந்தை கடலுக்குச் செல்பவர். வள்ளத்தைத் தள்ளும்போது சிலுவை அடையாளம் வரைந்து ஆண்டவர் பெயரைச் சொல்லித்தான் தள்ளுவாராம். “அந்தப் பேரச் சொல்லித்தான் எங்கப்பா கடலுக்குப் போறாங்க, வாராங்க. அத ஸ்கேலுக்கெல்லாம் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க” என்றாள். சொல்லிவிட்டு நோட்டைத் திருப்பினாள்.

நாங்கள் திருந்திவிட்டோம் என்று சொல்ல மாட்டோம். சென்ற ஜூலையில் சிஸ்டர் சொல்லித்தான் எண்ணிப் பார்த்தோம். கணக்கு பதினேழு என்று முதலிலேயே எழுதியிருக்கிறோம். டிசம்பரில் மறுபடியும் எண்ணியபோது ஆறு. நாக்கில் பழகிய சொல் லேசில் போவதில்லை. “காட் பிரா...” என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொள்கிறோம். அப்போது அறையில் ஒரு சிறு அமைதி உண்டாகும். அவள் அங்கு இருந்தால் இன்னும் சற்று அதிகமாகும். பாட்டியின் “சேசுவே!”யை மட்டும் எங்களுள் சிலர் பிடித்துக்கொண்டோம். வினாத்தாளை வாங்கும்போது அதைச் சொன்னால், மிச்சத்தை மனத்துக்குள் சொல்லவேண்டி வருகிறது. பாட்டியைப் போல அவ்வளவு விரைவாக எங்களுக்கு வரவில்லை. தும்மலுக்கும் மீன் விலைக்கும் அழைக்கும் அளவுக்கு அவரோடு பழகக் காலம் ஆகும் போலும்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் கொடுத்து, இதை வெளியிடலாமா என்று கேட்டோம். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பித் தந்தாள். அவளைப் புகழ்ந்து நாங்கள் எழுதியிருந்த வரிகளையெல்லாம் பென்சிலால் அடித்திருந்தாள். இன்னோரிடத்திலும் ஒரு திருத்தம் இருந்தது. சத்தியம் செய்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்று நாங்கள் எழுதியிருந்தோம். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், அவளைக் கழித்தால் நாற்பத்தொன்று என்பது எங்கள் கணக்கு. அவள் அதை அடித்துவிட்டு ‘நாற்பது’ என்று எழுதியிருந்தாள். அன்று ஒருத்தி அம்மை கண்டு விடுப்பில் இருந்தாளாம்.

அலுவலகத்தில் கேட்டு, பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். நாற்பதுதான்.